உமி கிளற வந்தவர்

அந்த அம்மா செருப்போடு கோழிக்கூண்டுக்குள் நுழைந்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை. கூண்டின் வாசலுக்கு வெளியே இரண்டு செருப்பையும் ஜோடியாக விட்டுவிட்டு, புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, வெறுங்காலோடு உமிக்குள் இறங்குவார். காலைத் தூக்கி வைத்து நடக்கமாட்டார். பாதத்தைத் தரைவரை அழுத்தி, ஏர் ஓட்டுவதுபோல இழுத்துக்கொண்டே போவார். எட்டடி போனதும் திரும்பி, போன தடத்தை ஒட்டி அடுத்த தடம். ஆறடி அகலத்துக்குப் பதின்மூன்று தடங்கள். எண்ணியிருக்கிறேன். முடித்துவிட்டு அவர் வெளியே வரும்போது கூண்டின் தரை கோடு போட்ட நோட்டுப்புத்தகம்போல இருக்கும். கோழிகள் அவர் பின்னாலேயே நடந்து, அடியிலிருந்து புரண்டு வந்ததைக் கொத்தித் தின்னும்.

ஆரணியில் ஒரு ரைஸ் மில்லின் களத்தில் முப்பத்தொரு வருஷம் நெல் காயவைத்தவர் அவர். அவித்த நெல்லைச் சிமெண்டுக் களத்தில் பரப்பி, வெயில் ஏற ஏறக் காலால் கிளறிக்கொண்டே இருக்கவேண்டும். மேகம் கூடினால் ஓடி ஓடிக் குவிக்கவேண்டும். முட்டி வலி வந்தபிறகு நின்றுவிட்டார். என் வீட்டுக் கொல்லையை ஒட்டி ஒரு சந்து. சந்துக்கு அந்தப் பக்கம் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தார். கணவர் இல்லை. மகன் பெரணமல்லூரில் செல்போன் கடை வைத்திருந்தான். பெயரை நான் இங்கே எழுதவில்லை. எங்கள் தெரு சிறியது.

அவருக்கு ஈரம் ஆகாது. அவரைப் பற்றி ஒரு வரிதான் எழுதவேண்டும் என்றால் இதைத்தான் எழுதுவேன். கொல்லையில் வந்து நின்றால் முதலில் கண் போவது கொடிக்குத்தான். மடித்துப் போட்ட துண்டைப் பிரித்துப் போடுவார். குளியலறை வாசலில் நான் நனையவிட்ட கால்மிதியைத் தூக்கிச் சுவர்மேல் விரிப்பார். மழைநாளில் கூரையடியில் சுருட்டி வைத்திருந்த என் குடையை, கேட்காமலேயே விரித்துக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஏன் இப்படி என்று ஒருமுறை கேட்டேன்.

“தெரில சார். ஈரமா ஒண்ண பாத்துட்டா எனக்கு அன்னிக்கு சோறு எறங்காது.”

நான் நில அளவைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். தெருவில் எல்லோருக்கும் சர்வேயர் சார். மனைவி போய் ஆறாவது வருஷம், வீட்டில் ஏதாவது சத்தம் இருக்கட்டும் என்று போளூர்ச் சந்தையில் எட்டு நாட்டுக்கோழி வாங்கிவந்தேன். கொல்லையில் ஆறுக்கு எட்டுக் கூண்டு கட்டினேன். நாற்பத்தெட்டுச் சதுர அடி, தலைக்கு ஆறு சதுர அடி. அந்தக் கணக்கில் பிழை இல்லை. தரையில் எதைப் போடுவது என்பதில்தான் தவறினேன். முதலில் மரக்கடையிலிருந்து மரத்தூள் கொண்டுவந்தேன். அது மாவாக இருந்தது. கோழிகள் தும்மின. ஒரு காலையில் மட்டும் நாற்பது தும்மல். பிறகு பழைய செய்தித்தாள் விரித்தேன். எச்சம் பட்டதும் வழுக்கியது. ஒரு கோழி காலை அகட்டிக்கொண்டு விழுந்தது. மூன்றாவதாக வைக்கோல். புரட்டாசி முழுக்க நன்றாக இருந்தது. ஐப்பசி மழையில் பாய்போல ஒட்டிக்கொண்டு, அடியில் புழுங்கி, கூண்டைத் திறந்தால் கண் எரிகிற அளவுக்கு நெடி.

பக்கத்து வீட்டு நெசவுக்காரர் மதில்மேல் தலையை நீட்டினார். அவருடைய தறி மேடை என் கொல்லைச் சுவரை ஒட்டித்தான் இருக்கிறது.

“சார், பொடவ எடுக்க வந்தவங்க மூக்கப் பொத்திகினு போறாங்க. பட்டுல நாத்தம் ஏறுது. நீங்க பெரியவரு, நான் சொல்லக்கூடாது. பத்து நாள் பாக்கறேன், அப்புறம் முனிசிபாலிட்டில எழுதிக் குடுத்துருவேன்.”

நான் பதில் சொல்வதற்குள் பின்பக்கச் சந்திலிருந்து ஒரு குரல் வந்தது.

“கோழிய ஏன் திட்ற? அது இன்னா பண்ணும்? அவரு அதுங்களுக்கு பாய் விரிச்சி படுக்க வெச்சிகிறாரு.”

நெசவுக்காரர் சிரித்துவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. மறுநாள் காலை அந்தக் குரலுக்கு உரியவர் தலையில் ஒரு மூட்டையோடு பின்கதவைத் தட்டினார். மூட்டையில் உமி. இப்போதெல்லாம் மில்லில் உமியை பாய்லருக்கே எரித்துவிடுகிறார்கள். பழைய ஆள் என்பதால் அவருக்குக் கொடுத்திருந்தார்கள். அன்றைக்கு ஐந்து நடை நடந்து ஐந்து மூட்டை கொண்டுவந்து போட்டார். வைக்கோலை வாரச் சொன்னார். தரையில் சுண்ணாம்புத்தூள் தூவச் சொன்னார். ஒருநாள் முழுக்கக் காயவிட்டு, உமியை நான்கு விரல் உயரத்துக்குப் பரப்பினார்.

“வாரம் வாரம் வாரிக் கொட்டணுமா?” என்றேன்.

“வாராதீங்க. கிளறுங்க. கோழி போட்றத உமி இழுத்துக்கும். கிளறினா காயும். காஞ்சா நாறாது. கொறஞ்சா மேல மேல போட்டுகினே போங்க. வருசத்துக்கு ஒருவாட்டி அள்ளி வாழைக்குப் போடுங்க. நீங்க தெனம் பெருக்கிகினு இருந்தா அதுங்களுக்கும் பேஜாரு, உங்களுக்கும் பேஜாரு.”

எட்டு நாளில் நெடி அடங்கியது. நெசவுக்காரர் மதிலருகே வந்து மோந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அதன்பிறகும் அந்த அம்மா தினம் வந்தார். காலை ஏழேகால், சில நாள் ஏழு இருபது. பின்கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, பதின்மூன்று தடம் இழுத்துவிட்டு, குடிக்கத் தண்ணீர் வைக்கும் கிண்ணத்தைச் செங்கல்மேல் தூக்கி வைத்துவிட்டுப் போவார். கூலி என்று ஒருமுறை பேச்செடுத்தேன். முகம் சுருங்கிவிட்டது.

“கூலிக்குக் கிளறினது போதும் சார். வூட்ல சும்மா குந்திகினு இருந்தா கால் அரிக்குது. அதான் வரேன்.”

வாரத்துக்கு இரண்டு முட்டை வாங்கிக்கொள்வார். டீ கொடுத்தால் கொல்லைப்படியில் நின்றுகொண்டே குடிப்பார். நான் படிக்கு மேலே நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். உள்ளே வாருங்கள் என்று நான் சொன்னதில்லை. காலெல்லாம் உமித்தூசி, வீடு அழுக்காகும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உமித்தூசியைக் குழாயடியில் கழுவ அரை நிமிஷம்கூட ஆகாது.

உமி ஈரமா என்று நான் கையால் பிடித்துப் பார்ப்பேன். பிடித்தால் உருண்டை பிடிக்கக்கூடாது, விட்டால் உதிரவேண்டும். இதை நான் ஒரு வேளாண்மைச் சிறு புத்தகத்தில் படித்திருந்தேன். அவருக்குக் கை தேவையில்லை. ஐந்தாவது தடத்தில் நின்று, “இந்த எடத்துல ஓடு ஒழுவுது பாருங்க” என்பார். அண்ணாந்து பார்த்தால் ஓட்டில் ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரியும். ரொம்பக் காய்ந்தாலும் திட்டுவார். பறக்கிற தூசி கோழியின் மூச்சுக்கு ஆகாது என்று, கையில் நீர் தொட்டு நாலு தெளி தெளிப்பார். அந்த நாலு தெளியையும் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் தெளிப்பார்.

அவர் என்னிடம் உண்மையாகக் கோபப்பட்டது ஒரே ஒரு முறை. தவறு என்னுடையது. நெசவுக்காரர் வீட்டில் தறியில் பழைய பாவு, அதாவது நீளவாக்கு நூல், முடிந்து புதுப் பாவு பிணைக்கும்போது முழ நீளத்துக்குப் பட்டுநூல் மிச்சமாகும். அரக்குச் சிவப்பு, கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள். கூடையில் வைத்துக் குப்பைக்கு அனுப்புவார்கள். பஞ்சைவிட மெத்தென்று இருந்தது. முட்டை உடையாது, காசும் இல்லை, பார்க்கவும் அழகு. ஒரு கூடை நிறைய வாங்கிவந்து, கோழிகள் முட்டையிடும் மூன்று பெட்டிகளிலும் நிரப்பினேன். மிச்சத்தை உமிமேல் தூவினேன். அந்த வாரம் அந்த அம்மா மகன் வீட்டுக்குப் போயிருந்தார். திரும்பி வந்ததும் காட்டி, பாராட்டு வாங்கவேண்டும் என்று இருந்தேன்.

ஆறாம் நாள் வந்தார். செருப்பை விட்டார். உள்ளே கால் வைத்தவர் எடுத்துவிட்டார்.

“இன்னா சார் இது? கோழிக்குக் கல்யாணமா?”

நான் விளக்க ஆரம்பித்தேன். அவர் கேட்கவில்லை. ஓர் ஓரத்தில் ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்த செங்கோழியைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு கொல்லைப்படியில் உட்கார்ந்தார். அவர் அந்தப் படியில் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். கோழியின் காலில் பட்டுநூல் சுற்றிச் சுற்றி, இறுகி, சதைக்குள் போயிருந்தது. மனிதர் கையால் இழுத்தால் அறுகிற நூலா அது? புடவைக்கு ஐம்பது வருஷம் உழைக்கிற நூல். விரல் கருத்து வீங்கியிருந்தது.

“கத்திரி எட்துகினு வாங்க, ஜல்தி.”

கொண்டுவந்தேன். கையில் மூக்குக்கண்ணாடியை வைத்துக்கொண்டே அதைத் தேடினேன். அவர் அதற்குள் புடவையில் குத்தியிருந்த ஊசியால் நூலை நெம்பி, கத்திரி முனையை உள்ளே விட்டு, ஒவ்வொரு சுற்றாக அறுத்தார். இருபத்தாறு சுற்று. மற்ற ஏழு கோழிகளையும் பிடித்துவரச் சொன்னார். மூன்றின் கால்களில் நூல் தொடங்கியிருந்தது. எல்லாவற்றையும் பிரித்து முடிக்க ஒன்றரை மணி நேரம். செங்கோழியின் ஒரு விரல் பிழைக்கவில்லை. நாலாம் நாள் உதிர்ந்துவிட்டது.

“பட்டு மனுசருக்கு சார். அதுங்களுக்கு உமி போதும்” என்றார். என் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும். “எட்டுக் கோழிக்கு அறுவத்து நாலு வெரலுன்னு எண்ணி வெச்சிருப்பீங்களே. போங்க, அறுவத்து மூணுன்னு திருத்துங்க.”

உண்மையாகவே நான் அறுபத்து நாலு என்று எழுதி வைத்திருந்தேன்.

இப்படியாக இரண்டு மழைக்காலம் போயிற்று. அதற்குள் அவரிடமிருந்து நான் எல்லாம் கற்றுக்கொண்டுவிட்டேன். அதுதான் வினையாயிற்று. ஓட்டு ஓட்டைகளை அடைத்தேன். கிண்ணத்தைக் கூண்டுக்கு வெளியே கம்பியில் கட்டித் தொங்கவிட்டேன், கோழி கழுத்தை நீட்டித்தான் குடிக்கவேண்டும். பல் வைத்த ஒரு வாருகோல் வாங்கி நானே கிளறினேன். உமி எந்நேரமும் பொலபொலவென்று இருந்தது. அவர் வந்து இரண்டு தடம் இழுத்துப் பார்த்துவிட்டு, “எனுக்கு வேல இல்லாம பண்ணிட்டீங்க” என்று சிரித்துக்கொண்டே போய்விடுவார். தினம் வந்தவர் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தார். அப்புறம் வாரத்துக்கு ஒரு நாள். ஒருமுறை பதினோரு நாள் வரவில்லை. நான் ஏழேகாலுக்கு நாற்காலியைக் கொல்லையில் போட்டுக்கொண்டு உட்காருவேன். பின்கதவின் தாழ்ப்பாளை எடுத்துவிட்டிருக்கிறேனா என்று மூன்று தடவை போய்ப் பார்ப்பேன். எட்டு மணிக்கு நாற்காலியை உள்ளே எடுத்துக்கொண்டு போவேன். சந்துக்கு அந்தப் பக்கம் அவருடைய கதவு. என் காலடிக்குப் பத்தொன்பது அடி. அங்கே போய், “வாருங்கள்” என்று கூப்பிட எனக்கு என்ன தடை? உமி காய்ந்திருக்கிறதே, எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வது? அதுதான் தடை.

பன்னிரண்டாம் நாள் காலை ஒரு மக் தண்ணீரை எடுத்துக் கூண்டுக் கதவருகில் நின்று உமியில் ஊற்றினேன். பிறகு சந்தில் போய், அவர் கதவுக்கு வெளியே நின்று, “கூண்டில் ஈரம், என்னவென்று தெரியவில்லை” என்றேன்.

உடனே வந்தார். செருப்பை விட்டு உள்ளே இறங்கினார். ஒரே ஒரு அடி. நின்றுவிட்டார். குனிந்து அந்த இடத்து உமியை விரலால் கீறினார்.

“மேல நனஞ்சி கீது. அடில காஞ்சி கீது. இப்பதான் விழுந்த தண்ணி” என்றார்.

“கோழி கிண்ணத்தைத் தட்டிவிட்டிருக்கும்.”

“கிண்ணம் வெளில தொங்குது சார்.”

நான் கம்பியில் தொங்கிய கிண்ணத்தைப் பார்த்தேன்.

“மழன்னா செவுத்தோரம் நனையும். கோழின்னா கிண்ணத்தாண்ட நனையும். இது கதவாண்ட நின்னுகினு மக்குல ஊத்துனது.”

எழுபத்து மூன்று வயதில் அப்படி ஒரு வெட்கம் எனக்கு வந்ததில்லை. அவர் நனைந்த உமியை அள்ளி வெளியே வெயிலில் பரப்பினார். காய்ந்ததை இழுத்து அந்தப் பள்ளத்தை மூடினார். செருப்பைப் போட்டுக்கொண்டபிறகு, என் முகத்தைப் பார்க்காமல், கொடியில் கிடந்த துண்டைப் பிரித்துப் போட்டபடி சொன்னார்:

“வரணும்னா வான்னு சொல்றதுக்கு இன்னா சார்? ஈரத்த வெச்சா ஒருத்தர கூப்புடுவாங்க?”

அப்போது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். வந்தது, “டீ போடட்டுமா?” அவர் குடித்தார், நின்றுகொண்டே.

ஆனாலும் மறுநாளிலிருந்து மறுபடி தினம் வந்தார். வேலை இல்லை. வந்து, பதின்மூன்று தடம் இழுத்தார். ஒன்பது நாள் அப்படி. அவர் காத்துக்கொண்டிருந்தார் என்று இப்போது தெரிகிறது. ஒன்பதாம் நாள் வேலூரிலிருந்து என் மகள் போன் செய்தாள். நான் போனை ஒலிபெருக்கியில் போட்டுத்தான் பேசுவேன், காதில் வைத்தால் எனக்குச் சரியாகக் கேட்காது. கூண்டுக்குள் அந்த அம்மா கோழிகளை ஏதோ செல்லமாகத் திட்டிக்கொண்டிருந்தார்.

“யாருப்பா அங்க பேசறது?” என்றாள் மகள்.

“யாரும் இல்லம்மா. உமி கிளற வர்ற அம்மா.”

கூண்டுக்குள் பேச்சு நின்றது. கால் இழுக்கும் சத்தம் மட்டும் தொடர்ந்து கேட்டது. பாதியில் விட்டுவிட்டு வரவில்லை. பதின்மூன்றையும் முடித்துவிட்டுத்தான் வந்தார். குழாயடியில் காலைக் கழுவினார். அதுவரை அங்கே கழுவியதில்லை, வீட்டுக்குப் போய்த்தான் கழுவுவார்.

“அஞ்சி மூட்ட உமி கீது சார். மாசி வரிக்கும் வரும். நான் பையன் வூட்டுக்குப் போறேன். அவன் ரொம்ப நாளா கூப்ட்டுகினே கீறான்.”

“எப்ப திரும்புவீங்க?”

“பாக்கலாம் சார்.”

நாலு நாளில் அறையைக் காலி செய்துவிட்டார். உமி தீர்ந்தால் கூப்பிடுங்கள், மில்லில் சொல்லிவைக்கிறேன் என்று, மகனுடைய போன் நம்பரை முன்பே கொடுத்திருந்தார். அது என் நோட்டில் இருந்தது.

அந்த வருஷம் கார்த்திகையில் விடாமல் மழை. கமண்டல நாகநதியில் தண்ணீர் போவதைப் பார்க்கப் பாலத்தில் கூட்டம் நின்றது. நெசவுக்காரர் தறியை நிறுத்திவிட்டு, பாவு விறைத்துக்கொள்கிறது என்று புலம்பிக்கொண்டிருந்தார். என் கூண்டில் ஒரு பிடி உமிகூட நனையவில்லை. தினம் காலையில் கையை விட்டுப் பார்ப்பேன். நனைந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும், போன் செய்ய ஒரு காரணம் கிடைத்திருக்கும். மக்கைக் கையில் எடுத்துக்கொண்டு இரண்டு தடவை கூண்டுவரை போனேன். இரண்டு தடவையும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு வந்தேன்.

அவர் போன தொண்ணூற்று நாலாம் நாள் போன் செய்தேன். மகன் எடுத்தான். ஆரணி, சர்வேயர் என்றேன். “ம்மா, உன் கோழி சாரு” என்று கத்தினான்.

“இன்னா சார், ஈரமா?” எடுத்ததும் அதுதான்.

“இல்ல. காஞ்சிதான் இருக்கு.”

“நெடி அடிக்குதா?”

“இல்ல.”

“கோழி எதுனா சுருண்டுகிச்சா?”

“எட்டும் நல்லா இருக்கு.”

“அப்புறம் இன்னாத்துக்கு போன் போட்டீங்க?”

“உங்கள வாங்கன்னு சொல்லத்தான். வேலை ஒண்ணும் இல்ல. சும்மா வாங்க. அன்னிக்குப் பொண்ணுகிட்ட நான் சொன்னது தப்பு.”

அந்தப் பக்கம் சத்தம் இல்லை. எவ்வளவு நேரம் என்று நான் எண்ணவில்லை.

“முட்டி போய்டுச்சி சார். பஸ் படி ஏற முடில. வூட்டுக்குள்ளயே செவுத்தப் புடிச்சிகினுதான் நடக்கறேன். கால் இருந்தப்ப கூப்ட்டு இருக்கலாம் இல்ல?”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“அப்ப நான் வரேன்” என்றேன்.

“இங்க வந்து இன்னா பண்ணுவீங்க? கோழியும் இல்ல, உமியும் இல்ல. டைல்ஸ் போட்ட வூடு.”

“அதனாலதான் வரேன்.”

பதினோரு முறை போனேன். பன்னிரண்டாவது, அவருடைய காரியத்துக்கு. அந்தப் பதினோரு முறையில் என்னென்ன பேசினோம் என்று கேட்டால் என்னால் வரிசையாகச் சொல்ல முடியாது. எழுதி வைக்கவில்லை. முதல் முறை மட்டும் அப்படியே இருக்கிறது. பெரணமல்லூரில் இறங்கி, விசாரித்துக்கொண்டு போய், அந்த வீட்டு வாசலில் நின்றேன். கதவு திறந்திருந்தது. அவர் சுவரோரம் நாற்காலியில் இருந்தார். வெயிலிலிருந்து வந்ததால் எனக்கு முகம் சரியாகத் தெரியவில்லை. அவருக்கு நான் தெரிந்தேன். நான் குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோதே சொன்னார்.

“உள்ள வாங்க, உக்காருங்க.”

மூன்று சொற்கள். அவை இரண்டு வருஷத்தில் எனக்கு வரவில்லை. அவருக்கு நான் செருப்பைக் கழற்றி முடிப்பதற்குள் வந்துவிட்டன.